கார் டயர் தேர்வு: பிராண்டின் பெயருக்குப் பின்னால் பார்க்க வேண்டியவை

டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டால் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி டயர் நல்லது?" என்பதுதான். ஒரு பெயரைப் பதிலாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பதிலால் கிடைக்கும் பயன் குறைவு. மிஷ்லின், பிரிட்ஜ்ஸ்டோன், காண்டினென்டல், குட்இயர், பிரெல்லி, யோகோஹாமா, ஹான்கூக், அப்பல்லோ, எம்ஆர்எஃப் என எந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டாலும், அது ஒரே வகை டயரை மட்டும் தயாரிப்பதில்லை. எரிபொருள் சிக்கனத்தை முன்னிறுத்தும் டயர், நெடுங்காலம் உழைக்கும் டயர், வேகத்துக்கும் வளைவுகளுக்கும் உரிய டயர், சத்தம் குறைந்த டயர் என்று பல மாடல்கள் ஒரே பெயரின் கீழ் விற்பனைக்கு வருகின்றன. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலான வேறுபாடு, இரண்டு போட்டி நிறுவனங்களின் ஒத்த மாடல்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பதும் உண்டு. ஆகவே ஒப்பிட வேண்டியவை மாடல்களே. அந்த ஒப்பீட்டைச் செய்வதற்கு, பிடிப்பு எங்கிருந்து வருகிறது, உழைப்பு எதைப் பொறுத்தது என்ற இரண்டும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

ஓடும் காரில் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். ஆயிரம் கிலோவுக்கும் அதிகமான எடையுள்ள வண்டியை நகர்த்துவது, திருப்புவது, நிறுத்துவது ஆகிய அனைத்தும் இந்த நான்கு உள்ளங்கை அளவுப் பரப்பின் வழியாகவே நடக்கின்றன. வண்டியில் பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கலாம், வண்டி நிலைகுலையாமல் காக்கும் மின்னணு அமைப்பும் இருக்கலாம். அவை டயருக்கு இருக்கும் பிடிப்பைத் திறம்படப் பயன்படுத்துமே தவிர, இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தருவதில்லை. விலையுயர்ந்த காரில் மட்டமான டயரைப் போட்டு ஓட்டுவது பெரும் தவறு என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

ரப்பர் சாலையைப் பிடிப்பது இரண்டு வழிகளில் நிகழ்கிறது. ரப்பரின் மேற்பரப்பும் சாலையின் மேற்பரப்பும் மிக நெருங்கித் தொடும் இடங்களில் மூலக்கூறு அளவில் ஏற்படும் ஒட்டுதல் முதல் வழி. சாலையில் உள்ள கற்துகள்களின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப ரப்பர் அமுங்கி, பின்பு சற்றுத் தாமதமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்புவது இரண்டாவது வழி. அமுக்குவதற்குச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. வழுக்கலை எதிர்க்கும் விசை இந்த இழப்பிலிருந்தே பிறக்கிறது. சாலை ஈரமாகும்போது இடையில் தண்ணீர்ப் படலம் வந்துவிடுவதால் ஒட்டுதல் பெரிதும் குறைந்துவிடும். அப்போது கைகொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வழிதான். மழையில் ஒரு டயரின் நடத்தை அதன் ரப்பர் கலவையின் தரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

மென்மையான அழிப்பான் காகிதத்தை நன்றாகப் பற்றித் துடைக்கிறது, ஆனால் விரைவில் கரைந்துபோகிறது. கடினமான அழிப்பான் பல மாதம் நீடிக்கிறது, ஆனால் வழுக்கிக்கொண்டு போகிறது. டயரிலும் அடிப்படைச் சிக்கல் இதுவே. பிடிப்பைக் கூட்டும் கலவை பொதுவாக விரைவில் தேயும். தேய்மானத்தைக் குறைக்கும் கலவை பொதுவாகப் பிடிப்பில் பின்தங்கும். இவற்றோடு மூன்றாவதாக உருளும்போது ஏற்படும் தடையும் சேர்ந்துகொள்கிறது. இந்தத் தடை அதிகமானால் எரிபொருள் செலவும் அதிகமாகும். பிடிப்பு, உழைப்பு, குறைந்த உருள் தடை ஆகிய மூன்றில் ஒன்றை உயர்த்தினால் மற்றவற்றில் ஏதேனும் ஒன்று தாழ்வது வழக்கம். டயர்த் துறையினர் இதை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டுவார்கள்.

இந்த முக்கோணத்தின் கட்டுப்பாட்டை ஓரளவு தளர்த்திய பொருள் சிலிக்கா. அதற்கு முன்பு ரப்பருக்கு வலுவூட்டக் கலக்கப்பட்டது பெரும்பாலும் கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூள்தான்; டயர் கறுப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம். 1992இல் மிஷ்லின் நிறுவனம் சிலிக்கா கலந்த, உருள் தடை குறைந்த கார் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தக் கலவை எப்படி இரண்டு பக்கமும் நன்மை செய்கிறது என்பது கவனித்துப் புரிந்துகொள்ளத்தக்கது. 195/65 ஆர் 15 என்ற அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 14 முறை சுழல்கிறது. அதன் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போது ஒருமுறை அமுங்கி விரிகிறது. ரப்பரைப் பொறுத்தவரை இது மெதுவான அசைவு. இந்த அசைவில் இழக்கப்படும் ஆற்றல் வீண். அதுதான் உருள் தடை. பிரேக் போடும்போதோ நிலை வேறு. ரப்பர் சாலைக் கற்களின் நுண்ணிய கூர்முனைகள்மீது சறுக்கும்போது அதன் மேற்பரப்பு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறையும் அதற்கு மேலும் அதிர்கிறது. இந்த வேகமான அசைவில் இழக்கப்படும் ஆற்றலே நமக்கு வேண்டிய பிடிப்பு. மெதுவான அசைவில் இழப்பைக் குறைத்து, வேகமான அசைவில் இழப்பைக் காத்துக்கொள்ளும் கலவை கிடைத்தால், எரிபொருளும் மிச்சமாகும், ஈரச் சாலைப் பிடிப்பும் குறையாது. ரப்பரோடு வேதிமுறையில் சரியாகப் பிணைக்கப்பட்ட சிலிக்கா இதைத்தான் செய்கிறது.

கூடுதல் விலையும் பெயர்பெற்ற பிராண்டும் உண்மையில் எதைத் தருகின்றன என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. சிலிக்காவை ரப்பரில் சீராகப் பரவச் செய்வது கடினமான வேலை. எந்த வகை ரப்பரை எந்த அளவில் சேர்ப்பது, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் கலப்பது என்பவை நீண்ட ஆய்வின் பலனாகக் கிடைப்பவை. இதில் கைதேர்ந்த நிறுவனத்தின் டயர், முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஓரளவு உயர்ந்து நிற்கும். மலிவான டயரும் ஒரு முனையில் நன்றாக இருக்கக்கூடும். பெரும்பாலும் அது உழைப்பு முனையாக இருக்கும். கடினமான ரப்பரைப் போட்டு நெடுந்தூரம் ஓடவைப்பது எளிது. அந்த டயர் ஈரச் சாலையில் எத்தனை மீட்டர் கூடுதலாக ஓடிய பிறகு நிற்கும் என்பது, அவசரமாகப் பிரேக்கை அழுத்தும் நொடி வரை வாங்கியவருக்குத் தெரியவராது. உழைப்பை எவரும் கிலோமீட்டர் கணக்கில் அளந்துவிடலாம். பிடிப்பின் குறையோ கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கலவைக்கு அடுத்தது டிரெட், அதாவது டயரின் மேல்பரப்பில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்களும் கட்டைகளும் சேர்ந்த அமைப்பு. பள்ளங்கள்தான் பிடிப்பைத் தருகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். உலர்ந்த தார்ச்சாலையில் அது உண்மையன்று. பந்தயக் கார்கள் உலர்ந்த தடத்தில் பள்ளமே இல்லாத வழவழப்பான டயர்களில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளங்களின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. சாலையில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் 195 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு டயர், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 13 லிட்டர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து விலக்கியாக வேண்டும். விலக்க முடியாத நிலை வந்தால் டயர் தண்ணீரின் மேலேறி மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகும். அகலமான டயர் உலர்ந்த சாலையின் வளைவுகளில் நன்றாகப் பிடித்து நின்றாலும், தண்ணீர் நிற்கும் இடத்தில் அதிகத் தண்ணீரை விலக்க வேண்டியிருப்பதால் மிதக்கும் ஆபத்தும் அதற்கு அதிகம்.

புதிய டயரின் பள்ளம் வழக்கமாக 8 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் குறைந்த ஆழம் 1.6 மில்லிமீட்டர். அகலமான பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் இருப்பதைக் குனிந்து பார்த்தால் காணலாம். பக்கத்துக் கட்டைகள் தேய்ந்து அந்த மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். ஆனால் தண்ணீரை விலக்கும் திறன் அதுவரை காத்திருப்பதில்லை. ஆழம் குறையக் குறைய அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. மழைச் சாலையில் அடிக்கடி ஓட்டுபவர் 3 மில்லிமீட்டரிலேயே டயரை மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. அப்படி மாற்றினால் 'உழைப்பு' என்பதன் கணக்கும் மாறிவிடும். கடைசி ஒன்றரை மில்லிமீட்டரில் ஓடும் கிலோமீட்டர்களை லாபமாக எண்ணக் கூடாது.

இனி, கடையில் ரிம்மில் மாட்டப்படாமல் நிற்கும் ஒரு டயரின் பக்கச்சுவரைப் படித்துப் பார்ப்போம். 195/65 ஆர் 15 91 வி என்று அதில் அச்சாகியிருக்கிறது. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கிறது. ஆர் என்ற எழுத்து, உள்ளிழைகள் டயரின் குறுக்கே செல்லும் ரேடியல் அமைப்பையும், 15 ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் சொல்கின்றன. 91 என்பது சுமை எண். அதன் பொருள் ஒரு டயர் தாங்கக்கூடிய எடை 615 கிலோ. வி என்பது வேகக் குறி, மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. எச் என்றால் 210, டி என்றால் 190. அந்த வேகத்தில் ஒருபோதும் ஓட்டப்போவதில்லை என்பதற்காக, கார் தயாரிப்பாளர் குறிப்பிட்டதைவிடக் குறைந்த சுமை எண்ணையோ வேகக் குறியையோ தேர்ந்தெடுக்கக் கூடாது. அவை டயரின் உட்கட்டமைப்பு வெப்பத்தையும் பாரத்தையும் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைக் காட்டும் குறிகள்.

அதே சுவரில் டிஓடி என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். எந்தப் பிராண்டாக இருந்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் இந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். டிரெட் தேயாவிட்டாலும் ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் ரப்பரை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றன. இறுகிய ரப்பர் பிடிப்பை இழக்கும், பிறகு வெடிப்பு விடும். குறைவாக ஓடும் கார்களில் டயர் தேய்ந்து முடிவதற்கு முன்பே முதுமையடைந்துவிடுவது வழக்கம். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும் என்று மிஷ்லின் போன்ற நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர் நெடுநாள் உழைக்கும் டயரைத் தேடிப் போவதில் பயனில்லை. அவர் தயங்காமல் பிடிப்பையே தேர்ந்தெடுக்கலாம்.

ஒப்பீட்டுக்கு உதவும் தரக் குறியீடுகளில் இரண்டு பரவலாகக் காணக் கிடைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளில் எரிபொருள் சிக்கனமும் ஈரச் சாலைப் பிடிப்பும் ஏ முதல் இ வரையிலான ஐந்து வகுப்புகளாகத் தரப்படுகின்றன. வெளியே கேட்கும் சத்தம் டெசிபலில் குறிக்கப்படுகிறது. ஐந்து வகுப்புகள் கொண்ட இந்த வடிவம் 2021 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஈரப் பிடிப்பு வகுப்பு, அளவுகோலாக வைக்கப்பட்ட ஒரு டயரோடு ஒப்பிட்டு அளக்கப்படுவதால், வெவ்வேறு பிராண்டுகளின் டயர்களை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதற்கு உதவும். ஆனால் அது புதிய டயருக்கு உரிய மதிப்பு. வளைவில் டயர் எப்படி நடந்துகொள்ளும், நிற்கும் தண்ணீரில் எப்போது மிதக்கும் என்பதை அது சொல்வதில்லை.

மற்றொன்று டயர்களின் தரத்தை வகைப்படுத்தும் அமெரிக்காவின் யூடிக்யூஜி முறை. அங்கே விற்கப்படும் கார் டயர்களின் பக்கச்சுவரில் டிரெட்வேர் என்ற சொல்லுக்கு அருகில் 300, 500 போன்ற ஓர் எண்ணும், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்ற இரண்டுக்கும் எழுத்துக் குறிகளும் இருக்கும். டிரெட்வேர் எண், குறிப்பிட்ட சாலைச் சுற்றில் சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு கட்டுப்பாட்டு டயரின் தேய்மானத்தோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படுகிறது. 100 என்பது அடிப்படை; 400 என்றால் அந்தச் சோதனையின்படி நான்கு மடங்கு உழைக்கும் என்பது கணக்கு. இந்த எண்ணைத் தீர்மானித்து அச்சிடுவது தயாரிப்பாளரே. ஒருவர் சோதனை முடிவை அப்படியே போடலாம், மற்றொருவர் எச்சரிக்கையாகக் குறைத்தும் போடலாம். எனவே ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது இந்த எண் நம்பிக்கையோடு பயன்படும். ஒரு நிறுவனத்தின் 500ஐ மற்றொன்றின் 400க்கு எதிரே வைத்து முடிவெடுப்பது சரியன்று. அதுபோலவே டிராக்‌ஷன் எழுத்தும் ஈரப் பரப்பில் நேர்கோட்டில் பிரேக் போடும் சோதனையை மட்டும் குறிக்கிறது. லேபிள்களைப் பார்த்த பிறகு, தரமான வாகன இதழ்களும் சங்கங்களும் ஒரே காரில், ஒரே நாளில், ஒரே தடத்தில் பல டயர்களை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் ஒப்பீட்டுச் சோதனைகளைத் தேடிப் படிப்பது மிகவும் பயன் தரும். உங்கள் கார் டயரின் அளவிலேயே, அல்லது அதற்கு நெருங்கிய அளவில் செய்யப்பட்ட சோதனையாக அது இருக்க வேண்டும்.

பிராண்டின் பெயர் அப்படியானால் பொருளற்றதா என்றால், இல்லை. வட்டம் பிசகாத, எடை சீரான டயர்களைத் தொகுதிக்குத் தொகுதி மாறாமல் தயாரிப்பது, குறை நேர்ந்தால் பொறுப்பேற்பது ஆகியவற்றில் நிலைபெற்ற நிறுவனங்களை நம்ப இடமுண்டு. ஆனால் பெயர்களின் உலகம் வெளியே தெரிவதைவிடச் சிக்கலானது. ஃபயர்ஸ்டோன் 1988 முதல் பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தம். பிஎஃப்குட்ரிச் கார் டயர்கள் மிஷ்லினுடையவை. கூப்பரை 2021இல் குட்இயர் வாங்கியது. ஐரோப்பாவின் விரெடெஸ்டைன் அப்பல்லோவிடம் இருக்கிறது. பெரிய குழுமத்தின் இரண்டாம் நிலைப் பிராண்டு, நடுத்தர விலையில் நல்ல தேர்வாக அமையக்கூடும். எனினும் முதன்மை மாடலின் புதிய கலவை அதிலும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. மெர்சிடிஸ் கார்களுக்கான டயரில் எம்ஓ என்றும், பிஎம்டபிள்யூவுக்கானதில் நட்சத்திரக் குறியும், போர்ஷேவுக்கானதில் என் என்ற எழுத்தோடு ஓர் இலக்கமும் இருக்கும். கார் தயாரிப்பாளரின் தேவைக்கேற்பச் சரிசெய்யப்பட்ட வடிவம் என்பதே அதன் பொருள். கடையில் அதே பெயரில் விற்கும் பொது வடிவம் அதிலிருந்து சற்று மாறுபட்டிருக்கலாம்.

ஆண்டின் ஒரு பகுதியில் வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே தங்கும் இடங்களில், கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்குவதால் குளிர்கால டயரோ, மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் பொறித்த குறியுள்ள எல்லாப் பருவ டயரோ வேண்டும். வெப்பமான இடங்களில் குளிர்கால டயர் விரைவில் தேய்ந்து, வளைவுகளில் தொளதொளத்துப் போகும்.

உழைப்பைப் பற்றிய புகார்களில் பல, உண்மையில் டயரைப் பற்றியவையாக இருப்பதில்லை. மேலே சொன்ன அளவுள்ள டயர் 40,000 கிலோமீட்டர் ஓடும்போது ஏறத்தாழ 2 கோடி முறை சுழல்கிறது. அதற்குள் தேய்வதற்கு அதனிடம் இருப்பதோ ஆறு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய ரப்பர். சிறு கோணப் பிழைகூட இத்தனை சுழற்சிகளில் பெருகிவிடும். ஓரங்கள் இரண்டும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நின்றால் காற்று குறைவாக இருந்தது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தவறியிருக்க வேண்டும். உள்ளங்கையை டிரெட்டின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் போலச் சொரசொரப்பாகவும் தென்பட்டால், சக்கரங்கள் நேராக உருளாமல் சற்றே பக்கவாட்டில் உரசிக்கொண்டு ஓடியிருக்கின்றன. இந்த நிலையில் பிராண்டை மாற்றினாலும் புதிய டயரும் அதே வழியில் தேயும். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது மாதம் ஒருமுறை பார்ப்பதும், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் இடம் மாற்றுவதும் உழைப்பைக் கணிசமாக நீட்டிக்கும்.

தேர்வை எந்த வரிசையில் செய்வது? முதலில் காரின் கையேடோ கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளோ சொல்லும் அளவு, சுமை எண், வேகக் குறி மூன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு ஆண்டுக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள், மழையில் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். ஈரப் பிடிப்பில் ஏ அல்லது பி வகுப்பு பெற்ற மாடல்களை மட்டும், எந்தப் பிராண்டாக இருந்தாலும், ஒரு பட்டியலாக்குங்கள். உழைப்பையும் விலையையும் அந்தப் பட்டியலுக்குள் ஒப்பிடுங்கள். நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு அதில் உழைப்பு மிகுந்த மாடல் ஏற்றது. மலைச் சாலைகளிலும் வேகமான சாலைகளிலும் ஓட்டுபவருக்கு டிரெட்வேர் எண் குறைந்த மாடல் மனநிறைவு தரும். மின்சாரக் கார் வைத்திருப்பவர் சுமை எண்ணைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்; பேட்டரியின் எடையும் மோட்டார் உடனடியாகத் தரும் முறுக்கு விசையும் டயரை விரைவில் தேய்க்கின்றன.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற இயலாமல் இரண்டை மட்டும் வாங்குபவர், ஏற்கனவே இருக்கும் பிராண்டையும் மாடலையுமே வாங்குவது நல்லது. குறைந்தது ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். புதிய இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள், கார் முன்சக்கர இயக்கமாக இருந்தாலும் சரி. முன்சக்கரங்கள் தண்ணீரில் பிடிப்பை இழந்தால் கார் நேராக வழுக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். பின்சக்கரங்கள் இழந்தாலோ கார் சுழன்றுவிடும். பழக்கமில்லாத ஓட்டுநரால் அதை மீட்பது மிகக் கடினம். டயர் அதை வார்க்கும் அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகத் தொழிற்சாலையில் பயன்படுத்தப்படும் பொருளின் மிச்சம் மேற்பரப்பில் இருக்கக்கூடும் என்பதால், முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு வேகத்தையும் திடீர் பிரேக்கையும் தவிர்த்து ஓட்டுங்கள்.